செல்லிக்கு வெயில்

செல்லி, இதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

அம்மா, கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. களி சட்டியில் இருக்கிறது. ஜன்னலில் நீ கட்டிய சாக்கை அவிழ்த்துவிட்டேன். பள்ளிக்கூடத்தை நிறுத்தி, வெளுக்கட்டும் என்று இரண்டு வருஷமாகத் தங்கச்சி செல்லியை வீட்டுக்குள் பூட்டி வைத்தாயே, வெளுத்தாளா? எலும்பு வலிதான் வந்தது. எலும்புக்கு வெயில் வேண்டும், கறுப்புத் தோலில் உள்ள மெலனின் அதைத் தடுப்பதால் நமக்குக் கூடுதலாகவே வேண்டும் என்றார் டாக்டர். "அவுரு பொண்ணயா பாக்க வராங்க?" என்று கேட்டுவிட்டு வந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரும் மத்தூர்க்காரர்கள் முன்னால் இவள் விழுந்து கும்பிட வேண்டும். நேற்று பழகிப் பார்த்தபோது எழ முடியாமல் கிடந்தாள், நான்தான் தூக்கிவிட்டேன். அன்றைக்கு யார் தூக்குவது?

சரசு

பி.கு.: செல்லி, படித்து முடித்ததும் வெளியே போய் வெயிலில் உட்கார். பூட்டையும் சாவியையும் நான் எடுத்துப் போகிறேன்.