தாமானில் புகை அடித்த நாள்

சனிக்கிழமை, இரவு

டிங்கிக் காய்ச்சல் கொசுவுக்காக இன்று எங்கள் தாமான் குடியிருப்பில் புகை அடித்தார்கள். வேலையிடத்தில் வாட்சப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த மருந்து பட்டால் என் கண்ணாடித் தொட்டி இறாலும் செத்துவிடும். செடி நட்டு, தண்ணீர் பக்குவப்பட ஒரு மாதம் காத்திருந்து, போன வாரம்தான் இறாலும் நத்தையும் விட்டேன்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. "சம்பல் சமைக்கக்கூட ஆவாத எறாலு" என்று தினமும் கிண்டல் செய்பவர்.

ஓடி வந்து பார்த்தால் கூடத்தில் தொட்டி இல்லை. படுக்கையறைக் கதவிடுக்கில் ஈரத் துண்டு அடைத்திருந்தது. உள்ளே கட்டிலடியில் தொட்டி, பிளாஸ்டிக் சுற்றி, மேலே அவருடைய தீபாவளி வேட்டி போர்த்தி. பக்கத்தில் அவர் வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏன் போன் எடுக்கல?"

"தூக்கறப்ப ஒரு செடி பிடுங்கிக்கிச்சு. நீ திட்டுவேன்னு எடுக்கல."

முதுகுவலிக்காரர், தண்ணீரோடு தூக்கியிருக்கிறார். இறால்கள் எப்போதும் போல் பாசியை மேய்ந்துகொண்டிருந்தன. இப்போதுதான் தைலம் தேய்த்துவிட்டேன். குப்புறப் படுத்தபடியே கேட்டார்.

"அந்தக் குட்டி நத்த இருக்குதானே?"

"இருக்குங்க, தூங்குங்க" என்றேன்.

இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.