மஞ்சள் பொடியும் ஒரு சொட்டு சோப்பும்

ஜூன் 10, 2024
வேலை செய்கிறது! ஸ்ரீவைகுண்டத்து ஆற்றோரச் செடியிலிருந்து நான் பிரித்தெடுத்த மஞ்சள் பொடியைச் சேர்த்ததும், சோற்றைச் சர்க்கரையாக்கும் நொதி அப்படியே படுத்துவிட்டது. சர்க்கரை வியாதிக்கு மருந்து! ஆய்வகத்தில் தனியாக ஆடினேன். குடுவை ஒன்று போச்சு.

ஜூன் 11
அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

ஜூன் 16, ஞாயிறு
சபை ஆராதனையில் அப்பா எழுந்து சாட்சியே சொல்லிவிட்டார். “எம் மவ பெர்லின், சர்க்கரைக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டா, ஸ்தோத்திரம்!” வெளியே வந்ததும் கிங்ஸ்லி மாமா காதுக்குள், “எனக்கு மட்டும் ஒரு பொட்டலம் தனியா எடுத்து வையி மக்கா” என்கிறார்.

ஜூன் 17
அப்பா தன் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார்! கையில் அல்வா. நெய் முழங்கைவரை வடிகிறது.
“வீட்டுலயே மருந்து இருக்கும்போது கம்பெனி மாத்திரை எதுக்குட்டி?”
எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை என்றேன். கேட்டால்தானே.

ஜூன் 18
பக்கத்து மேசை ஸமீஹா கேட்டாள்: “ஏட்டி, ஒம் பொடி வேற நொதியயும் நிறுத்துதா?”
“எல்லாத்தையும்!” — எவ்வளவு பெருமை எனக்கு.
அவள் முகம் போன போக்கு! கரைசலுக்குள் லேசர் பேனாவை அடித்தாள். தெளிந்த தண்ணீர் மாதிரி இருந்ததற்குள் பளிச்சென்று சிவப்புக் கோடு. கரைந்திருந்தால் கோடே தெரியாது. என் பொடி கரையவே இல்லை. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகத் திரண்டிருக்கின்றன. அகப்பட்ட நொதியை எல்லாம் தங்கள்மேல் ஒட்டிப் பிடித்து வைத்திருக்கின்றன. அவ்வளவுதான்.
ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டாள். உருண்டை கலைந்தது, கோடு மறைந்தது, நொதி எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டது.
மருந்தில்லை. வெறும் கூட்டம்.
அழுதேன். பாதி அழுகையில் — ஐயோ, அப்பா!
ஓடினேன். சர்க்கரை முந்நூறுக்கு மேல். எல்லாம் சொன்னேன். யோசித்தார்.
“சோப்பு விட்டாத்தான கலையுது? நான் சோப்பத் திங்க மாட்டனே!”
“வயித்துல ஈரல் சுரக்குற பித்தநீர் இருக்குப்பா. அதுவும் சோப்பு மாதிரிதான்.”
“அப்போ என் ஈரலே எனக்கு எதிரியாட்டி?”
மாத்திரையை விழுங்கினார். எனக்கு உயிர் வந்தது.

ஜூலை 3
என் ஆய்வு வழிகாட்டி சித்ரலேகா மேடம் திட்டவில்லை. “எந்த அளவுல திரளுது, ஏன் திரளுதுன்னு பாரு. அதுவே ஆய்வுதான்” என்கிறார். உருண்டைகளோடுதான் இனி குடித்தனம்.

செப்டம்பர் 2
எல்லாத் துறையிலிருந்தும் அற்புத மருந்தைத் தூக்கிக்கொண்டு சோதித்துப் பார்க்க என்னிடம் வருகிறார்கள். எனக்கு ‘சோப்பக்கா’ என்று பேர்! இதுவரை வந்ததெல்லாம் உருண்டை. இன்று மாடி ஆய்வகத்திலிருந்து செந்தில்முருகன் தன் மருந்தோடு வந்தான். சோப்பு விட்டேன். நொதி எழவில்லை. இன்னும் விட்டேன். எழவே இல்லை.
“அப்போ இது நெசமாவே மருந்தா, அக்கா?”
“இருக்கலாம்லே.”
அவனுக்கு முந்தி எனக்குத்தான் கண் கலங்கியது.