முன் சீட்டில் அனிஷா

9.4.2007, திங்கள்

ஈஸ்டர் முடிந்தது. மிச்சக் கறிக்குழம்பைச் சுட வைத்து இன்றைக்கும் ஓட்டியாயிற்று. ஏழாம் வகுப்புத் தாள் ஒரு கட்டு திருத்தினேன். ஒரு பயல் இமயமலையில் பலாப்பழம் விளைகிறது என்று எழுதியிருக்கிறான். சிறுமலை என்று எழுத வேண்டியது. மார்க் போட்டுவிட்டேன். விளையட்டுமே, யாருக்கு நட்டம்?

சாப்பிடும்போது இவர் வாயைத் திறந்தார். சோற்றுக்கு இல்லை, பேச. அதுவே அதிசயம்.

"குஜராத்துல ஒரு நூல் மில்லுல கூப்புடுறாங்க. மெயின்டனன்ஸ் மேனேஜர். குவார்ட்டர்ஸும் தாராங்க. நீயும் வந்து வீட்டப் பாக்கணுமாம், ரெண்டு பேருக்கும் பிளைட் டிக்கெட் போட்டுட்டாங்க."

"வெஞ்சனம் வைக்கவா?" என்று பொரியலை எடுத்தேன்.

"வையி."

எங்கள் வீட்டில் பேச்சு இம்புட்டுத்தான். அனிஷா இருந்தபோது இப்படியா இருந்தது? இந்த மனுஷன் மில்லிலிருந்து வந்ததும் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் கத்திக்கொண்டே போவாரே. நாலு வயதில் ஒரு காய்ச்சல். திங்கட்கிழமை எல்.கே.ஜி.க்குப் போனவள், வெள்ளிக்கிழமை இல்லை. அன்றிலிருந்து இவர் அவள் பேரைக்கூடச் சொன்னதில்லை. ஒரு தடவைகூட. நான் சொன்னாலும் எழுந்து போய்விடுவார்.

இவரோடு குஜராத்துக்கு நான் எதற்கு? இங்கேயாவது பிள்ளையின் கல்லறை இருக்கிறது. அங்கே போனால் இப்படி ஒருத்தி இருந்தாள் என்று தெரிந்த ஆள்கூடக் கிடையாது.

14.4.2007, சனி

கல்லறைக்குப் போனேன். சனிக்கிழமை தவறியதில்லை. என் நாத்தனார் இன்னாசியம்மாளும் அங்கே மெழுகுவர்த்தியோடு நின்றாள், தன் மாமியார் கல்லறைக்கு வந்தவள்.

"ராணி, இப்பிடி வாரா வாரம் வந்து உக்காந்தீன்னா வயித்துல இன்னொன்னு எப்பிடித் தங்கும்?"

"தங்கலைன்னா போகட்டும் மதினி."

"என்ன பேச்சுப் பேசுற நீ!"

இவளிடம் வேறு என்ன பேசுவது? பிள்ளைக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலையிலேயே பெரிய பையோடு வந்து நின்றாளே. கவுன், சிலேட்டு, ஆல்பம், சுவரில் மாட்டியிருந்த படம் - எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனாள். தாயின் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் அடுத்தது தங்காதாம். அழுது புரண்டேன். இவர்? படத்தை ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்ததே இவர்தான்! கையில் துளி நடுக்கம் இல்லை. ஆல்பத்தை எல்லாம் என்ன செய்தீர்கள் என்று பிறகு எத்தனையோ தடவை கேட்டேன். "கேக்காத" என்பார். எரித்திருப்பார்கள்.

ஒன்று மட்டும் தப்பியது. அடக்கத்தன்று பெட்டியைச் சுற்றி எல்லாரும் நின்று எடுத்த படம். ஸ்டூடியோக்காரர் தாமதமாகப் பிரிண்ட் போட்டு என் கையில் கொடுத்தார். கண் மூடிக் கிடக்கிற பிள்ளை. பெற்றவளுக்கு மிச்சம் வைத்தது அது ஒன்றைத்தான்.

முகத்தை எப்படியாவது பிடித்து வைத்துக்கொள்கிறேன். குரல் போய்க்கொண்டே இருக்கிறது. "அம்மா" என்று எப்படிக் கூப்பிடுவாள்? நேற்று வகுப்பில் நின்றபடி யோசித்துப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளின் குரலும் வருகிறது. அவளுடையது வரவில்லை. ஐயோ, அதுவும் போனால் நான் என்ன செய்வேன்?

20.4.2007, வெள்ளி

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஆனந்தி டீச்சரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன் - போய் வீட்டைப் பார்ப்பேன், திரும்பி வருவேன், பிறகு இவர் தனியாகப் போகட்டும், அத்தோடு சரி. "யோசிச்சுத்தான் பேசுறியாடி?" என்றாள். யோசிக்காமல் வேறு என்ன வேலை எனக்கு?

26.4.2007, வியாழன்
மில் கெஸ்ட் ஹவுஸ்

இவர் மேனேஜரைப் பார்க்கப் போயிருக்கிறார். எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

மதுரையில் ஏறி, சென்னையில் மாறினோம். இரண்டாவது விமானத்தில் சேர்ந்த மாதிரி இடம் இல்லை என்றுவிட்டார்கள். இவருக்கு நடைபாதை ஓரம். எனக்கு அதற்கு இரண்டு வரிசை பின்னால், எதிர்ப் பக்கம். நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்தும் பேசாமல் வருவதற்கு இது மேல்.

ஜன்னலும் இல்லை. என்ன செய்வது? கண் சும்மா இருக்குமா? முன்னால் கோட்டுப் போட்ட ஒரு ஆள் லேப்டாப்பில் சீட்டு விளையாடிக்கொண்டு வந்தான். யாராவது அந்தப் பக்கம் நடந்தால் டக்கென்று ஏதோ கணக்குப் பக்கத்துக்கு மாறிவிடுவான். என் வகுப்புக் கடைசி பெஞ்சேதான்! எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் செல்போனில் பழைய மெசேஜாகப் படித்துக்கொண்டு வந்தாள். ஒன்றுக்குச் சிரித்தாள். அடுத்ததுக்கு மூக்கை உறிஞ்சினாள். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த வீட்டு ஜன்னல் திறந்து கிடந்தால் பார்வை போகாமல் இருக்குமா?

அப்படியே மேய்ந்து வந்த கண் இவர் தோளில் நின்றது.

இவரும் லேப்டாப்பைத் திறந்திருந்தார். மில்லில் கொடுத்தது. வீட்டில் என்னைத் தொட விடமாட்டார், "கம்பெனிச் சாமான்" என்பார். காதில் ஹெட்போன். மோட்டார் படம் ஏதாவது பார்ப்பார் என்று நினைத்தேன்.

பச்சைப் பாவாடை.

எங்கள் வீட்டுப் பின்கட்டு. பெரிய அலுமினிய அண்டாவுக்குள் ஒரு பிள்ளை நின்றுகொண்டு தண்ணீரை வாரி வாரி இறைக்கிறது. முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து. என் பிள்ளை. என் அனிஷா! அசைகிறாள். சிரிக்கிறாள். ஈர முடி நெற்றியில் ஒட்டிக் கிடக்கிறது. சட்டென்று ஒரு பக்கம் திரும்பி ஏதோ சொல்கிறாள். வாய் அசைகிறது. அத்தோடு படம் நின்றுவிடுகிறது. இவர் விரலால் தட்டுகிறார். மறுபடி முதலிலிருந்து.

எத்தனை தடவை பார்த்தாரோ. நானும் பார்த்தேன். என்னமோ சாப்பாடு கொண்டு வந்த பெண் நடுவில் நின்று மறைத்தாள். அவளைப் பிடித்துத் தள்ளாதது ஒன்றுதான் பாக்கி.

பாவி மனுஷா. இத்தன நாளா வச்சிருந்தியா? நான் குரலத் தேடித் தேடிச் சாகுறேன், நீ காதுல மாட்டிக்கிட்டு ஒத்தையில கேட்டுக்கிட்டு இருந்தியா? எரிச்சுட்டன்னு நெனச்சு நான் நெஞ்சுல அடிச்சப்பக்கூட ஒரு வார்த்த சொல்லலையே நீ!

இறங்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு "தலவலியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

27.4.2007, வெள்ளி

காலையில் கேட்டே விட்டேன்.

"பிளைட்டுல என்ன பாத்துக்கிட்டு வந்தீங்க?"

"மில்லு வேல."

"பொய் சொல்லாதீங்க. பச்சப் பாவாட. அண்டா. நானும் பாத்தேன்."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"போடுங்க. எனக்கு அவ குரலக் கேக்கணும். இப்பவே போடுங்க."

"சத்தம் இல்ல ராணி."

"என்னது?"

"அதுல சத்தமே பதியல. மில்லுல இருந்த சின்னக் கேமராவுல எடுத்தது. படம் மட்டுந்தான் ஓடும்."

"அப்ப காதுல எதுக்கு மாட்டியிருந்தீங்க?"

"சும்மாதான். பக்கத்துல இருக்குற ஆளு பேச்சுக் குடுக்கக் கூடாதுன்னு."

ராத்திரி முழுக்க அந்தக் குரலைக் கேட்கப்போகிறோம் என்றுதான் படுத்திருந்தேன். அது இல்லை. எங்கேயும் இல்லை. தரையில் உட்கார்ந்து கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். அக்காளும் தம்பியும் சேர்ந்து பிள்ளையை இரண்டாம் தடவை புதைத்தீர்கள் என்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"அக்காவ ஏசாத" என்றார். "அக்காவக் கூப்புட்டு எடுத்துட்டுப் போகச் சொன்னதே நான்தான்."

"எதுக்கு?"

எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். முப்பதாம் நாள் பூசை அன்று சாயங்காலம், வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, நான் பின்கட்டுக் கிணற்றுச் சுவர்மேல் ஏறி நின்றேனாம். அவள் படம் கையில் இருந்ததாம். பின்னால் வந்து இழுத்துப் போட்டாராம்.

"ஒனக்கு ஞாபகமே இல்லையா?"

இல்லை. சத்தியமாக இல்லை.

"படத்தப் பாத்தா மறுபடி போயிருவியோன்னு பயந்துட்டேன் ராணி. என்னைய நீ வெறுத்தாலும் சரி, உசுரோட கெடந்தாப் போதும்னு... ஆல்பமெல்லாம் அக்கா பீரோவுலதான் இருக்கு. ஒன்னையும் எரிக்கல. நான் அண்டாவுல அவ குளிக்கிறத மட்டும் வச்சுக்கிட்டேன். மில்லுல சாப்பாட்டு நேரத்துல பாப்பேன்."

லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். நான் மூடிவிட்டேன். சத்தமில்லாத பிள்ளை எனக்கு எதற்கு?

28.4.2007, சனி

குவார்ட்டர்ஸ் பார்த்தோம். இரண்டு அறை, நல்ல வெளிச்சம். இவர் உள்ளே வரவில்லை, நேராகப் பின்பக்கம்தான் போனார். கிணறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். இல்லையாம்.

இவர் மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

29.4.2007, ஞாயிறு
வீடு

சென்னை வரும் விமானத்தில் சேர்ந்தே இடம் கிடைத்தது. எனக்கு ஜன்னல், இவர் நடுவில், நடைபாதை ஓரம் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர். விருதுநகர்ப் பக்கமாம். மகன் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார். ஏறியதிலிருந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தார், பேச ஆள் கிடைக்குமா என்று.

மேலே போனதும் இவரிடம் சொன்னேன்:

"போடுங்க. பாக்குறேன்."

நிஜமாகவா என்பது போல என் முகத்தைப் பார்த்தார். "கையக் குடு" என்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டுதான் திறந்தார். விமானத்துக்குள் எந்தக் கிணறு இருக்கிறது! ஆனாலும் விடவில்லை.

இவ்வளவு பக்கத்தில் பார்க்கிறேன். கால் கொலுசு தெரிகிறது. முழங்காலில் பழைய காயத்து வடு. தண்ணீர் கேமரா பக்கம் தெறிக்கும்போது படம் ஆடுகிறது, இவர் பின்னால் துள்ளியிருப்பார். அவள் இவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். அப்புறம் அடுக்களைப் பக்கம் திரும்புகிறாள். அங்கேதான் நான் நிற்கிறேன், படத்தில் இல்லை. "போதும் வாடீ, சளி புடிக்கும்!" - நான் கத்தியது எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது. அவள் பதில் சொல்கிறாள். வாய் அசைகிறது. அதுதான் வரவில்லை.

"யாரு, ஒங்க பாப்பாவா?"

பெரியவர்தான். எவ்வளவு நேரமாகப் பார்த்தாரோ. இவர் மூடப்போகிறார் என்று நினைத்தேன். மூடவில்லை.

"ஆமாய்யா. எங்க மக. அனிஷா."

இவர் வாயிலிருந்து அந்தப் பேர் வந்தது.

"நல்ல வாலு போலருக்கே. அந்தப் பக்கம் திரும்பி என்னமோ சொல்லுதே, என்ன சொல்லுது?"

இவர் என் பக்கம் பார்த்தார். அதைக் கேட்க ஏங்குவது நான்தான் என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்கே சொன்னார்.

"இவ குளிச்சது போதும் வான்னு கூப்புடுறா. அதுக்கு, 'நீ போம்மா, நான் பெறகு வாரேன்'ங்குறா."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "கெட்டிக்காரி!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ போம்மா. இதையா சொன்னாள்? நான் சரி என்று உள்ளே போயிருப்பேன், அடுப்பில் ஏதாவது தீய்ந்திருக்கும். குரல் எனக்குத் திரும்பி வரவில்லை, இவருடைய கட்டைக் குரலில்தான் கேட்டது. ஆனால் வார்த்தை அவளுடையது. இத்தனை நாளும் இவர் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

"இன்னொருக்கா சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். பெரியவர் கண்ணை மூடித் தூங்குவது போல இருந்துகொண்டார். புரிந்துவிட்டதோ என்னமோ.

2.6.2007, சனி

இன்று ராத்திரி குஜராத்துக்கு ரயில், எனக்கும் சேர்த்துத்தான். விமானமெல்லாம் ஒரு தடவைதான் கொடுப்பார்களாம். ஆனந்தி வந்து அழுதாள், திட்டினாள், ஊறுகாய் கொடுத்தாள்.

காலையில் இரண்டு பேரும் கல்லறைக்குப் போனோம். அடக்கத்துக்குப் பிறகு இவர் இன்றுதான் உள்ளே வருகிறார். நின்று பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, மில்லில் யாருக்கும் காட்டாத அழுகையை அழுதார். நான் தடுக்கவில்லை.

நான் ஒன்றும் ஜெபிக்கவில்லை. நாங்கள் ஊருக்குப் போகிறோம் என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். விட்டுப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? தள்ளி நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் இவர்தான் எழுந்து வந்து தோளைத் தொட்டார்.

"வா ராணி. அவதான் போகச் சொல்லிட்டாள்ல."