எலும்பின் மறுபக்கம்

ஏற்காடு,
மாசி மாதம், ஞாயிறு.

அன்புள்ள ஆஃப்ரின் டாக்டருக்கு,

ஹேமலதா சிஸ்டர் எழுதுவது. நான் நலம். இந்தப் பனிக்கு முழங்கால் மட்டும் முனகுகிறது. ஜெர்மனியில் குளிர் இதைவிடப் பொல்லாதது என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். போனில் சொல்லலாமென்று எடுத்தேன், முடியாமல் வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

நம் சின்ன ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டார்கள். அந்த வழியாகப் போனால் ஆபரேஷன் தியேட்டர் ஜன்னலைப் பார்க்காமல் வர முடிவதில்லை. மூடுபனி உள்ளே வராமல் நான் இடுக்கில் துணி அடைப்பேன், நீங்கள் கை கழுவிக்கொண்டே சிரிப்பீர்கள். நோன்பு நாளில் உங்கள் அம்மா சேலத்திலிருந்து பஸ்ஸில் கொடுத்தனுப்பும் கஞ்சி, கொண்டை ஊசி வளைவுகளில் பாதி சிந்திவிடும். மிச்சத்தை வார்டுக்கே பங்கு வைப்பீர்கள். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

கொட்டச்சேடு கிராமத்துப் பெரியநாயகத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து, வலது கால் எலும்பு முறிந்து வந்தவர். தகடு பொருத்த நீங்கள் எலும்பைத் துளைத்தீர்கள். சூடேறாமலிருக்க நான் ட்ரில்லில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். மறுபக்கம் துளைபட்ட நொடியில் ட்ரில் எலும்பைத் தாண்டிப் பாய்ந்து, ரத்தக்குழாயைக் கிழித்துவிட்டது. எந்தக் கெட்டிக்காரர் கையிலும் நடக்கக்கூடியதுதான். சேலத்துக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தோம். ஆனால் பாதம் மரத்துப்போய், காலை இழுத்துத்தான் நடந்தார். அதன்பிறகு நீங்கள் கத்தியைத் தொடவில்லை. ஆபரேஷன் கருவிகள் செய்யப் படிக்கிறேன் என்று ஜெர்மனி போனீர்கள், மலைக்குத் திரும்பவும் இல்லை.

போன ஐப்பசி மழையில் பெரியநாயகம் மறுபடி வழுக்கி விழுந்தார். இந்த முறை இடது கால். ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டாராம். அவர் மகள் மலர் வந்து கூப்பிட, நான் போனேன்.

"ஏனுங்க சிஸ்டர், இருக்கற ஒரு காலும் போயிருச்சுன்னா நா என்னங்க பண்ணுவேன்?" என்று கேட்டார்.

உங்கள் குழு செய்த ட்ரில் சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வந்திருப்பதாக நீங்கள் சொல்லியிருந்தீர்களே, அதைச் சொன்னேன். யார் செய்தது என்றும் சொன்னேன். சொல்லலாமா என்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். அவர் பழைய காலைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அன்னிக்கு என்ற காலப் புடிச்சுட்டு அந்தம்மா நொம்ப அழுதாங்க. எனக்கு அர மயக்கம்தானுங்க, ஆனா கேட்டுது. அவங்க செஞ்ச சாமானமுன்னா போலாமுங்க" என்றார்.

சேலத்து டாக்டர் என்னை முன்பே அறிந்தவர், தியேட்டருக்குள் நிற்க விட்டார். ட்ரில் கைக்கு அடக்கமாக, நம் பழையதைவிட இலேசாக இருந்தது. எலும்பு முடியும் இடத்தை அதுவே உணர்ந்து நின்றுவிடும் என்றார். நான் நம்பவில்லை. மறுபக்கம் நெருங்கும்போது சத்தம் மாறுமே, அது மாறியதும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ட்ரில் அங்கேயே நின்றது. ஒரு நூல்கூடத் தாண்டவில்லை. அடுத்த துளையும் அப்படியே. முகக்கவசத்துக்குள் அழுதேன், யாரும் பார்க்கவில்லை. கையுறை ஈரமானால் பிடி கொஞ்சம் வழுக்குகிறது, அதை மட்டும் சரிசெய்யச் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

போன வாரம் பெரியநாயகம் கோலை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். பழைய கால் இழுக்கிறது, புதுக்கால் திடமாக ஊன்றுகிறது. உங்களுக்கு என்ன சொல்ல என்று கேட்டேன். "நாந்தான் நல்லா இருக்கறனுங்களே, அப்பறம் அவங்க எதுக்குங்க இந்தப் பக்கமே வராம இருக்கறாங்க?" என்றார். அதை அப்படியே உங்களுக்கு எழுதுகிறேன்.

பங்குனியில் ஒரு மழை விழுந்தால் காப்பி பூத்துவிடும். மலையே வெள்ளையாக மணக்கும். உங்களை டாக்டர் என்றுதான் இத்தனை வருஷமும் கூப்பிட்டேன், இன்று கிழவியின் உரிமையில் கேட்கிறேன். ஒரே ஒரு முறை மலைக்கு வா கண்ணு.

உன் நலம் வேண்டும்,
ஹேமலதா