நாற்பது வாட்ஸ்

சனி, 8.
காலையிலிருந்து மழை. ஹாம் ரேடியோ நண்பன் கணேசனின் ஆம்ப்ளிஃபையர், ரேடியோவின் பவரைக் கூட்டும் பெட்டி, இப்போது என் மேசையில். செலாயாங்கிலிருந்து கிள்ளான் வரை காரில் கொண்டுவந்தது அவன் மனைவி மலர். "இது எங்க வீட்டுல இருக்க வேணாம் அண்ணே."

மூன்று வாரத்துக்கு முன் இதற்குள் கைவிட்டு ஷாக் வாங்கினான். வலது கையில் இன்னும் கட்டு. ரேடியோ பக்கமே போவதில்லை. "பிளக்கப் புடுங்கிட்டுத்தான் தொறந்தேன் லா" என்று எல்லோரிடமும் சொல்கிறான். யாரும் நம்பவில்லை. நானும்தான்.

ஞாயிறு, 9.
வெயில். இன்று சோதனை. ஆம்ப்ளிஃபையருக்குள் ஓடுவது இரண்டாயிரம் வோல்ட்.
எடுத்து வைத்தவை: ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோட், பவர் மீட்டர், ரப்பர் செருப்பு.

இதை ஓட்ட ரேடியோவிலிருந்து நாற்பது வாட்ஸ் போதும். என் ரேடியோ நூறு தரும். நாற்பதுக்குக் குறைத்துவிட்டு மைக்கை அழுத்தி "ஹலோ" என்றேன். குறைத்து வைத்தும் ரேடியோ முதல் நொடியில் முழுசாகத் தள்ள, பவர் மீட்டர் முள் நூறுக்குத் தாவியது. பட் என்று சத்தம். கருகல் வாசம். ஆம்ப்ளிஃபையர் தானாக நின்றுவிட்டது.

பிளக்கைப் பிடுங்கினேன். மூடியில் இரண்டு ஸ்க்ரூ கழற்றியாயிற்று. என்னவோ தோன்றி, ஆம்ப்ளிஃபையர் முகப்பில் கரண்ட் காட்டிய மீட்டரை வோல்ட்டுக்குத் திருப்பினேன். ஆயிரத்து எண்ணூறு. பிளக் தரையில் கிடக்கிறது. பத்து நிமிடம் கழித்தும் ஆயிரத்துக்கு மேல். கழற்றிய இரண்டு ஸ்க்ரூவையும் திருப்பி மாட்டினேன்.

கணேசனுக்கு ஃபோன். "நீ சொன்னது உண்மைடா. பிளக் எடுத்தும் உள்ள அப்படியே நிக்குது."
அவன், "தொட்டுடாத."

திங்கள், 10.
லீவு போட்டேன். முள் பூஜ்யத்தில். அப்படியும் பயம். நீளக் கம்பில் எர்த் வயரைக் கட்டி, உள்ளே தொட்டுப் பார்த்த பிறகே கை வைத்தேன். தேங்கிய மின்சாரத்தை வடிக்க வேண்டிய ரெசிஸ்டர் இரண்டாக உடைந்திருந்தது; உடைந்த இடத்தில் பழைய தூசி. அதையும், நேற்று கருகிய ஃபியூஸையும் மாற்றினேன். ரேடியோவுக்கும் இதற்கும் நடுவே அட்டெனுவேட்டர் பெட்டி. ரேடியோ நூறு தள்ளினாலும் நாற்பதுதான் போகும்.

மாலை கணேசனும் மலரும் வந்தார்கள். உடைந்த ரெசிஸ்டரை மலர் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள். "இதுக்கா இவர மூணு வாரமாத் திட்டினேன்?" கணேசனின் பக்கம் அவள் திரும்பவில்லை.

சோதித்தேன். முதல் நொடியிலும் நாற்பதைத் தாண்டவில்லை. அணைத்தேன்.
கணேசன் கதவருகிலேயே நின்றான்.
"பிளக் எடுத்துட்டியா?"
"எடுத்துட்டேன்."
"மீட்டரு?"
"ஜீரோ."
"இன்னொரு தடவ பாரு."
பார்த்தேன். அவன் உள்ளே வரவில்லை.