சிவப்புப் பூசிய சுவிட்ச்

மதினி, இன்று காலை கைதவறி விழுந்த பேனா மூடியைத் தேடி மேசைக்கு அடியில் குனிந்தபோது அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கையில் தட்டுப்பட்டது. நான்கு சுவிட்சுகளில் மூன்றாவதன்மேல் நீங்கள் பூசிவைத்த சிவப்பு நகப்பூச்சு ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது, நடுவில் அப்படியே இருக்கிறது. மேலே எட்டு மாதத் தூசி. துணி தேடச் சோம்பல்பட்டுக் கைலி நுனியாலேயே துடைத்தேன். நீங்கள் இருந்திருந்தால் அதற்கொரு பேச்சு வாங்கியிருப்பேன்.

அந்த நேரத்தில் நான் ஒரு தப்புக் காரியம் செய்வதற்கு ஒரு விரலசைவு தூரத்தில் இருந்தேன். உங்களால் நம் மென்பொருளில் சேர்ந்த அந்த ஒற்றை வரியை எடுத்துவிடலாம் என்று யாரோ ஒருவர் திருத்தம் அனுப்பியிருக்கிறார். எந்த ஊர்க்காரரோ தெரியாது. அந்த வரியால் ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் நேரம் பிடிக்கிறதாம், எடுத்தால் பறக்குமாம். வரைபடம் எல்லாம் போட்டுக் காட்டியிருக்கிறார். வரிசையாகப் பலர் கட்டைவிரலைத் தூக்கி ஆமோதித்திருக்கிறார்கள். 'பராமரிக்கிறவர் உயிரோடு இருக்கிறாரா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இருக்கிறேன். அலுத்துப்போய் இருக்கிறேன். சம்மதம் என்னும் பட்டன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாகிவிட்டது. அழுத்தினால் அத்தனை பேர் வாயும் அடங்கும், எனக்கு ஒரு வேலை குறையும். அப்போதுதான் மூடி விழுந்தது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுத உட்கார்ந்தால் எல்லாம் முதலிலிருந்து வருகிறது. ஒரு கோப்பை எத்தனை தடவை மாற்றினாலும் ஒவ்வொரு நிலையையும் எடுத்துவைத்து, கேட்கும்போது பழையதைத் திருப்பிக் கொடுக்கிற மென்பொருள் அது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தமும் அனுப்பலாம். வருகிற திருத்தங்களைச் சரிபார்த்துச் சேர்க்க முதலில் மூன்று பேர் இருந்தோம். ஒருவருக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது, ஒருவருக்கு வேறு ஆசை வந்தது, நான் மிஞ்சினேன். கம்பெனி வேலை தொடங்குவதற்கு முன் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் இதற்குப் போகும். புதிதாக எதையும் கட்டுவதில்லை. பெயரில் இடைவெளி இருந்தால் திறக்க மறுக்கும் ஃபோல்டர், ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டும் கடிகாரம் என்று ஒழுகுகிற இடத்தை அடைப்பதுதான் வேலை. ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று ஒழுகும்.

அண்ணனின் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கு நீங்கள் கம்ப்யூட்டரில் டிசைன் வரைய ஆரம்பித்த புதிதில், 'தாமரை புதுசு', 'தாமரை புதுசு சரியானது', 'தாமரை இதுதான் தொடாதே' என்று கோப்புகள் குவிந்து கிடந்தன. பார்த்துச் சிரித்துவிட்டு நம் மென்பொருளை நான்தான் போட்டுக்கொடுத்தேன். "இனிமே பழசு எதுவும் காணாமப் போகாது மதினி" என்று வாக்கு வேறு.

நாலாவது மாதம், ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் சிபியுவைத் துண்டில் சுற்றி நிறுத்திக்கொண்டு செக்காலையில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினீர்கள்.

"என்ன கொழுந்தனாரே, பழசெல்லாம் பத்திரமா இருக்கும்னீக. இப்பப் பழசும் போச்சு, புதுசும் போச்சு."

நீங்கள் சேமித்த அதே நொடியில் பட்டறையில் கரண்ட் போயிருக்கிறது. திரும்ப வந்து பார்த்தால், எந்த நிலை எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் பட்டியல் வெற்றாகக் கிடந்திருக்கிறது. மூன்று மாத வேலை. வலையபட்டி வீடு ஒன்றின் முகப்புத் தரைக்கு மறுநாள் காட்ட வேண்டிய டிசைனும் அதில் போனது.

இதில் எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. இதே புகார் அதற்கு முன்பே எங்கிருந்தோ இரண்டு பேரிடமிருந்து வந்திருந்தது. என் லேப்டாப்பில் சோதித்துப் பார்த்தேன், வரவில்லை. 'என்னிடம் இந்தக் கோளாறு வரவில்லை' என்று எழுதி இரண்டையும் மூடிவிட்டேன். லேப்டாப்புக்குள்தான் பாட்டரி இருக்கிறதே, கரண்ட் போனதே அதற்குத் தெரியாது. காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு கரண்ட் போகும் என்பதை மறந்த மேதாவி நான்.

"அந்த லேப்டாப்பை அங்குட்டு வைங்க. என் பொட்டியில பாருங்க. சேமிக்கிறப்பக் கரண்டை நிப்பாட்டுங்க" என்றீர்கள்.

"டிஸ்க்கு கெட்டுப்போயிரும் மதினி."

"உள்ள இருந்ததே போச்சு, இனிமே பொட்டி இருந்து என்ன செய்யப்போகுது?"

ஒரு கையால் எண்டரைத் தட்டினேன், மறு கையால் சுவிட்சை அணைத்தேன். பதினைந்து தடவை செய்தும் ஒன்றும் ஆகவில்லை. "பாத்தீகளா, வரலை" என்றேன். நீங்கள் திரையைப் பார்க்கவே இல்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"உங்க கை பாவம் பாக்குது. அது எழுதி முடிக்கிற வரைக்கும் இருந்துட்டுத்தான் அணைக்குது. கரண்டு ஆபீஸ்காரக உங்களைக் கேட்டுக்கிட்டா நிப்பாட்டுறாக?"

என்னை எண்டரோடு நிறுத்திவிட்டு, நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, தோன்றியபோது சுவிட்சைத் தட்டினீர்கள். பார்க்காமல் தட்டும்போது சுவிட்ச் மாறிவிடக் கூடாதென்று கைப்பையிலிருந்து நகப்பூச்சை எடுத்து மூன்றாவதில் பூசியது அப்போதுதான். எண்ணிக்கை தவறாமலிருக்க, அடுக்களைப் பாட்டிலிலிருந்து தடவைக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்துவைத்தீர்கள். பதினோராவது கொட்டையில் பட்டியல் வெற்றானது. நீங்கள் கைதட்டினீர்கள். தன் உழைப்பைத் தின்ற கோளாறை மறுபடி கண்ணால் பார்த்துவிட்டுக் கைதட்டிய ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

விஷயம் இவ்வளவுதான். மென்பொருள் "எழுதியாச்சா?" என்று கேட்கிறது. கம்ப்யூட்டர் இன்னும் டிஸ்கில் இறக்காமலேயே "ஆச்சு" என்கிறது. அதை நம்பிப் பழைய பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். நான் விளக்கியதும், "உலை வச்சாச்சான்னு கேட்டா, அரிசியைக் களைஞ்சுக்கிட்டே ஆச்சுங்கிற ஆளு" என்றீர்கள். டிஸ்கில் இறங்கும்வரை பொறு என்று ஒரு வரி சேர்த்தேன். அதற்கு மேலே குறிப்பாக உங்கள் வார்த்தையைத் தமிழிலேயே போட்டேன்: 'இதை எடுக்க நினைப்பவர் முதலில் கரண்டை நிறுத்திப் பார்க்கவும்.' இது என்ன மொழி என்று கேட்டவர்கள் பலர். என்ன சொல்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

அதன்பிறகு புகார்ப் பக்கம் உங்கள் கைக்குப் போய்விட்டது. சனிக்கிழமை தோறும் வந்து உட்கார்ந்து, திட்டி எழுதியவனுக்குக்கூட 'நிதானமாகச் சொல்லுங்கள், அவசரமில்லை' என்று இங்கிலீஷில் பதில் போடுவீர்கள். எல்லோருக்கும் அதே மூன்று கேள்விதான்: எப்போது வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், திரும்ப வருகிறதா? நான் சலித்துப்போய் மூடிய புகார்களை நீங்கள் திரும்பத் திறப்பீர்கள். அதற்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறோம்! "நமக்கு வரலைன்னா அவுகளுக்கும் வரலைன்னு ஆயிருமா?" என்பீர்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

இதற்குமேல் எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மாசியில் ஒருநாள், "பட்டறை மேட்டுல ஏறுனா தாடையில வலிக்குது தம்பி" என்றீர்கள். நான்தான் காரில் கூட்டிப்போனேன். படுக்கவைத்து ஈசிஜி எடுத்தார்கள். படுத்திருக்கையில் உங்களுக்கு வலி இல்லை. நார்மல் என்று தாள் வந்தது. ஆனாலும் மதுரைக்குப் போய், நடக்கவைத்து எடுக்கும் டெஸ்ட் ஒன்றைச் செய்துகொள்ளச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதிக்கொடுத்தார். "தாளில ஒண்ணும் இல்லையே மதினி, பால்குடம் முடியட்டும், போவம்" என்றேன். நீங்களும் சரி என்று சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டீர்கள். ஊர் உலகத்துப் புகாரையெல்லாம் திரும்பத் திறந்த நீங்கள் உங்களுடையதைத் திறக்கவில்லை. பால்குடம் முடிந்த நாலாம் நாள் அதே மேட்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் மூடிய புகார் அது. எட்டு மாதமாக இதை யாரிடமும் சொல்லவில்லை.

பட்டனை விட்டுவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன். "ஒரு சுவிட்சைத் தட்டணும்ண்ணே, வாரீகளா?" என்றேன். வேறு யாராக இருந்தாலும் பைத்தியமா என்று கேட்டிருப்பார்கள். அண்ணன் அரை மணியில் வந்துவிட்டார். நீங்கள் போனபின் இந்த அறைக்கு அவர் வந்ததில்லை. உங்கள் பழைய சிபியு இன்னும் என் மேசைக்கு அடியில்தான் இருக்கிறது. அதில் புதிய திருத்தத்தை ஏற்றினேன். அண்ணன் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு சிவப்பின்மேல் கட்டைவிரலைத் தேய்த்தார்.

"இது அவ பூசுனதுதானே?"

"ஆமாண்ணே. நீங்க இங்குட்டுப் பாக்கக் கூடாது. தோணுறப்பத் தட்டுங்க."

ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். நான் விடாமல் எண்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன். தட்டினார். கம்ப்யூட்டர் எழுந்து வரும்வரை காத்திருந்தோம், கொட்டை வைத்தோம், மறுபடி தட்டினார். பதினொன்று தாண்டியது, இருபது தாண்டியது. முப்பதில் எனக்குப் பொறுமை போனது.

"போதும்ண்ணே. அந்த ஆளு சொல்றது சரிதான் போல. வரலை."

"அவ இருந்தா நிப்பாட்டியிருப்பாளா?" அவர் திரும்பவில்லை. "இன்னொருக்காப் பாப்பம்."

அந்த 'இன்னொருக்கா' பதின்மூன்று தடவை நடந்தது. அவருக்கு மென்பொருளும் தெரியாது, பட்டியலும் தெரியாது. நீங்கள் தொட்ட சுவிட்சை விட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். நாற்பத்து மூன்றாவது கொட்டையில் பட்டியல் வெற்றாக வந்தது. உங்கள் வரி சரி, மதினி. நான் கைதட்டினேன். அண்ணன் ஏதும் புரியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

கொட்டைகளைப் பாட்டிலில் அள்ளிப் போடும்போது அவர் கையை உதறினார்.

"என்னண்ணே?"

"மரத்துப்போகுது. இம்புட்டு நேரம் தட்டுனதுல. ஒண்ணுமில்ல."

சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். ஆனால் அவர் சுவிட்சைத் தட்டியது வலது கையால். உதறியது இடது கை.

"எப்பருந்து வருதுண்ணே?" என்றேன். பத்து நாளாக என்றார். "என்ன செய்றப்ப?" மூட்டை தூக்கும்போது, படியேறும்போது. "திரும்பத் திரும்ப வருதா?" அவர் என்னையே பார்த்தார்.

"என்னடா, அவ மாதிரியே கேக்குற."

அதற்குமேல் தாங்கவில்லை. சீட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பால்குடம் முடியட்டும் என்று நான் சொன்னதையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும்ப்பா" என்றார். "அன்னைக்கு ராவே எங்கிட்டக் காட்டுனா. நானும் அதையேதான் சொன்னேன்."

 நான் கார்ச் சாவியை எடுத்தேன். திருத்தம் அனுப்பியவருக்குப் புறப்படும் முன் பதில் போட்டேன். குறிப்பின் பொருளை இங்கிலீஷில் எழுதி, சோதனையில் வந்ததையும் சொல்லி, கரண்டை நிறுத்துகிற கை திரையைப் பார்க்கக் கூடாது என்பதையும் சேர்த்தேன். இதைக் கண்டுபிடித்தவர் இப்போது இல்லை என்று எழுதினேன். அந்தப் பக்கத்தில் உங்களைப் பற்றி அப்படி எழுதுவது இதுவே முதல் தடவை.

இதை மதுரையில் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து போனில் எழுதுகிறேன். படுக்கவைத்து எடுத்த ஈசிஜியில் ஒன்றும் இல்லை, நார்மல் என்றார்கள். அண்ணன் உடனே சட்டைப் பட்டனைப் போட ஆரம்பித்துவிட்டார். நடக்கவைத்தும் பாருங்கள் என்றேன். முடிந்தால் மேட்டில் ஏறுவதுபோல் வைத்துப் பாருங்கள் என்றேன். அந்த நர்ஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே அண்ணன் நடந்துகொண்டிருக்கிறார்.