மொட்டை மாடியில் புல் வளர்த்தவருக்கு

மாடிப்படி முழுக்க ஈர மண் வாசனை. கொத்தனார் காலையிலிருந்து உங்கள் புல்லை வெட்டிச் சாக்கில் கட்டி இறக்கிக்கொண்டிருக்கிறார். "இன்னாக்கா, மாடில மாடு வளக்கலாம்னு இருந்தீங்களா?" என்கிறார். நான் என்ன பதில் சொல்ல? சொல்ல வேண்டிய நீங்களோ போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

எல்லாம் ஐஸ்லாந்தில் ஆரம்பித்தது. அங்கே வேலைக்குப் போன மகள், கோடைக்கு வாருங்கள் என்று நம் இருவரையும் அழைத்தாள். அருவி பார்க்கலாம் என்றாள். உங்களுக்கோ பழைய புல்வீடுகள்தான் வேண்டியிருந்தன. வேரோடு வெட்டிய புல்கட்டிகளைச் செங்கல்போல் அடுக்கிய சுவர். கூரைமேலும் உயிருள்ள புல். தூரத்திலிருந்து மூலக்கொத்தளம் சுடுகாட்டுச் சமாதிகள்போல இருந்தன. சொன்னேன். "வாயக் கழுவு மே" என்றீர்கள்.

உள்ளே இருட்டு, ஆனால் குளிரவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன், மண்சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

"லாரி சத்தமே கேக்கல, பாத்தியா?"

"இங்க லாரியே இல்லையே! எங்கேர்ந்து கேக்கும்?"

காதில் வாங்கவில்லை. கூரை சரிவாக இருந்தால்தான் தண்ணீர் வடியும், தட்டையாக இருந்தால் ஒழுகும் என்று அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள். அதையும் வாங்கவில்லை. நான் கால் வலித்து, அங்கே போட்டிருந்த பெஞ்சில் சுவரோரமாகச் சாய்ந்தேன், கண் அசந்துவிட்டது. விழித்தபோது அருவிக்குப் போகும் நேரம் தாண்டியிருந்தது. "ஒரு மண்ணு வூட்ட எம்மா நேரம் பாப்பீங்க?" என்று கத்தினேன். சிரித்தீர்கள்.

ராயபுரம் திரும்பிய கையோடு மொட்டை மாடிக்கு மண் ஏறியது. ராத்திரியெல்லாம் தெருமுனையில் கண்டெய்னர் லாரி போனால் நம் வீடு அதிரும். புல் போட்டால் சத்தம் அடங்குமாம்.

"இது தட்டை மாடிங்க, ஒழுகும்."

"புல்லு குடிச்சிடும் மே."

மழை வந்தது. புல் குடிக்கவில்லை, மெத்தை குடித்தது. நான் தலை வைக்கிற இடத்தில் காரை பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, அப்போது அடுப்படியில் இருந்தேன்.

"நீ தூங்கணும்னுதான்..." என்று இழுத்தீர்கள்.

"நல்லா தூங்கியிருப்பேன். ஒரேயடியா."

மழை விட்டதும் மண்ணை இறக்கிவிடுகிறேன் என்றீர்கள். அதற்குள் நெஞ்சுவலி வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது. மண் அப்படியே கிடந்தது.

கொத்தனாருக்குச் சொல்லிவிட்டதை நேற்று போனில் மகளிடம் சொன்னேன். அப்படியே புல்வீட்டையும் உங்களையும் சேர்த்துத் திட்டினேன். அவள் அழுதுவிட்டாள்.

"ம்மா, அன்னிக்கு அந்த ரூம்ல நீ தூங்கினல்ல, அப்பா வாசல்லயே நின்னுகினு வந்தவங்கள எல்லாம் கைய காட்டி நிறுத்திட்டாரு. அருவி கெடக்குது வுடு, உங்கம்மா இப்டி தூங்கி நான் பாத்ததே இல்லன்னாரு."

உண்மைதான். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு தூக்கம் எனக்கு வாய்த்ததில்லை. அந்த ஒரு தூக்கம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்: அன்றைக்கே காரில் வரும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பீர்கள்? அருவியைச் சொல்லிச் சொல்லி உங்களை இத்தனை காலம் திட்டியிருக்க மாட்டேனே, மனுஷா!